எண்ணெயும் இளங்காற்றும்

டீசலில் ஓடுவது லொறி. கூரை திறந்து ஓடுவது செல்வரின் விளையாட்டு வண்டி. இவ்விரண்டும் ஒன்றாய் அமைந்த கார் ஒன்று உண்டென்றால் கேட்போர் நகைப்பது இயல்பே. எம் கல்லூரிப் பழைய மாணவர் சிலர் இலண்டனிலிருந்து எம்மைக் காண வந்திருந்தனர். வாயிலில் நின்ற காரின் துணிக்கூரை தானாகவே எழுந்து மடிந்து பின்புறத்துள் மறைவதை அவர்கள் வியந்து நோக்கினர். இயந்திரத்தை இயக்கிய மறுகணமே, "இதென்ன, தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற மெசின் சத்தம் கேட்குது?" என்றார் ஒருவர். யாழ்ப்பாணத்துக் கிணற்றடிகளை நெஞ்சிற் சுமந்து திரிவோர் வேறெந்த உவமையைத்தான் தேடுவர்! யேர்மனி வாழ்வைப் பற்றி ஏதேனும் எழுதுமாறு மலர்க் குழுவினர் பணித்துள்ளனர். இத்தனை ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்தும் ஐயந்திரிபற நாம் அறிந்தது இந்த ஒரு காரையே. ஆதலின் அதனைப் பற்றியே எழுதத் துணிந்தோம்.

எமது கார் 2007 ஆம் ஆண்டில் உருவான சாப் 9-3. பெயர் சுவீடனுக்குரியது, உடல் ஒஸ்திரியா நாட்டுக் கிராஸ் நகரிற் பொருத்தப்பட்டது, இயந்திரத்தின் குலமுறை இத்தாலியப் பியற் நிறுவனத்தைச் சேர்ந்தது, ஓடுவது யேர்மன் வீதியில், ஓட்டுவதோ யாழ்ப்பாணத்தான். சாப் நிறுவனம் 1937 இல் ஆகாய விமானம் கட்டுவதற்கென்றே தோன்றியது. அந்தப் பழைய தொழிலின் சாயல் காரிலும் தங்கியிருந்தது. இரவில் ஒரு பொத்தானை அமுக்கினால் வேகங்காட்டி தவிர ஏனைய விளக்குகள் அனைத்தும் அவிந்துவிடும். விமானியைப் போல நாமும் இருளும் வீதியுமாய்ச் செல்லலாம். திறப்பு நுழையும் துவாரம் இரு ஆசனங்களுக்கும் நடுவே உள்ளது. புதியவர் எவரேனும் ஓட்ட அமர்ந்தால் அதனைத் தேடுவதிலேயே சில நிமிடங்கள் கழிந்துவிடும். நாம் இதனை 2010 இல் ஒருவர் ஓட்டிய வண்டியாகவே வாங்கினோம். அடுத்த ஆண்டு டிசெம்பரில் அந்நிறுவனம் கடனில் மூழ்கி முடிவெய்தியது.

பெற்றோல் வண்டியை விடுத்து டீசல் வண்டியை நாடியதற்குக் காரணம் சிக்கனமே. தொண்ணூறுகளில் எரிபொருள் தடை நிலவிய காலத்தில், எம் தமையனார் ஊரிலிருந்து எழுதிய கடிதங்களில் வீட்டுச் செய்திக்கு அடுத்தபடியாக எண்ணெய்ச் செய்தியே இருக்கும். சில துளி பெற்றோலைக் காட்டி இயந்திரத்தை எழுப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் அந்நாளில் யாழ்ப்பாண வீதிகளில் நாறிப் புகைந்து திரிந்தன. அக் கடிதங்களை வாசித்தவர்க்கு எண்ணெய்க் கடையில் நின்று தாங்கியை நிரப்பும்போது கை சற்றுக் கூசும். எமது கார் நூறு கிலோமீற்றருக்கு ஆறரை லீற்றர் அளவிலேயே அருந்துகின்றது. ஒருமுறை நிரப்பினால் எண்ணூறு கிலோமீற்றர் கவலையின்றி ஓடலாம்.

இச்சிக்கனத்தின் மருமம் யாது? சைக்கிளுக்குக் காற்றடித்த எவருக்கும் அது தெரிந்ததே. பம்பின் அடிப்புறம் சுடுமல்லவா? காற்றை நெருக்கினால் அது சூடேறும். எமது காரின் உருளைகளில் முசலம் காற்றைப் பதினேழில் ஒரு பங்காக நெருக்குகின்றது. அவ்வெப்பத்தில் எண்ணெயைத் துவலையாய்ச் சிந்தியவுடன் அது தானே பற்றிக்கொள்ளும்; பொறி கொடுக்கும் செருகி வேண்டுவதில்லை. உருடோல்வ் டீசல் என்னும் அறிஞர் 1897 இல் ஓக்ஸ்பேர்க் நகரில் சோதித்துக் காட்டிய இயந்திரம், எரிபொருளின் சத்தியில் நூற்றுக்கு இருபத்தாறு பங்கை வேலையாக மாற்றியது. நீராவி இயந்திரங்கள் அதிற் பாதியைத் தொடவும் திணறிய காலம் அது. அவர் 1913 இல் இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பலிலிருந்து கடலில் மறைந்தார். அது தற்கொலையா, கொலையா என்ற வாதம் ஓய்ந்தபாடில்லை.

இனிக் காரின் ஆற்றலுக்கு வருவோம். கூரையை வெட்டியெடுத்த கார் மூடியில்லாத காகிதப் பெட்டியைப் போன்றது. மூலைக்கு மூலை முறுகும். அதனைத் தடுக்க அடித்தளத்தில் உருக்கைக் கூட்டிப் பொருத்துவர். எனவே திறந்த கார் மூடிய காரிலும் நூறு கிலோவுக்கு மேற் பாரமுடையதாகும். எமது வண்டி 1,600 கிலோவைத் தாண்டிய பேர்வழி. நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீற்றர் வேகத்தை எட்டப் பத்துப் பதினொரு செக்கன் பிடிக்கும். இதனைக் கேட்டு இளைஞர் உதட்டைப் பிதுக்குவர். பரிவலு 150 தான். பெற்றோல் வண்டிகளில் அதனைவிட மிக்கவை பல உண்டு. ஆயினும் ஒரு காரின் தகைமை நின்று கிளம்புவதில் மட்டும் இல்லை என்பது எம் துணிபு. அச்சாணியைத் திருப்பும் முறுக்குவிசை இவ்வியந்திரத்தில் 320 நியூற்றன் மீற்றர். அதுவும் நிமிடத்துக்கு 2,000 சுழற்சியிலேயே முழுமையாகக் கிட்டுகின்றது. பெற்றோல் இயந்திரம் ஓலமிட்டுத் தரும் விசையை இது முணுமுணுப்போடு தந்துவிடும்.

ஸ்ருட்காட் நகரம் ஒரு கிண்ணத்தின் அடியில் அமைந்தது போன்றது. நகர் நடுவிலிருந்து டேகர்லொக் மேட்டுக்குச் செல்லும் வைன்ஸ்ரைக என்னும் வீதி ஏறத்தாழ இருநூறு மீற்றர் ஏறும். பழைய திராட்சைத் தோட்டங்களின் விளிம்பில் வளைந்து வளைந்து செல்லும். கோடை மாலையிற் கூரையைத் திறந்து, மூன்றாம் கியரில் விட்டுவிட்டு, ஏற்றம் முழுவதையும் கியர் மாற்றாமலே ஏறுவோம். வளைவுக்கு வளைவு கீழே நகரம் அகன்று தோன்றும். இயந்திரம் சிரமப்படுவதாகவே தெரியாது. பாரமான உடலுக்கும் பொறுமையான இயந்திரத்துக்கும் நிகழ்ந்த நல்ல கலியாணம் அது.

இக்கலியாணம் புதியதுமன்று. 1936 இல் மெர்சிடிஸ் நிறுவனத்தார் டீசற் கார்களைத் தொடராகக் கட்டத் தொடங்கியபோதே, பின்புறக் கூரை மடியும் வாடகைக் கார்கள் அவற்றுள் இருந்தன. நம் மூத்த வாசகர் மறந்திராத பீஜோ 404 கதையோ இன்னும் சுவையானது. 1965 யூன் மாதத்தில் அந்நிறுவனத்தார் திறந்த 404 ஒன்றின் உடலை எடுத்து, ஒருவர் மட்டும் அமரும்படி மேலே மூடி, டீசல் இயந்திரம் பூட்டிப் பாரிசுக்கு அருகில் உள்ள மொன்லெரி ஓடுபாதையில் இரவு பகலாக ஓட்டினர். 11,000 கிலோமீற்றரைச் சராசரி 160 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் அது கடந்தது. நாற்பது சாதனைகள் அதன் பெயரிற் பதிந்தன. டீசல் என்றால் லொறி என்ற வாய்களை அது சில காலமாவது மூடியிருக்கும்.

இவ்வளவும் பெருமை. பெருமையின் மறுபக்கம் எம் வகுப்புத் தோழர் ஒருவரின் நெஞ்சில் இருக்கின்றது.

நாமிருவரும் ஒரே வாங்கில் இருந்து பௌதிகம் கற்றவர்கள். எண்பதுகளில் வெவ்வேறு வழியாய் யேர்மனி வந்து சேர்ந்தோம். நாம் நகருக்கு வெளியே மேட்டு நிலத்தில் குடியேறினோம். அவர் கிண்ணத்தின் அடியில், பெருவீதியோரம் மூன்றாம் மாடியில் வாழ்கின்றார். சில ஆண்டுகளாக அவருக்குச் சுவாசநோய். குளிர்காலத்திற் காற்று அசையாது நகரின் மேல் மூடிக்கிடக்கும் நாட்களில் சாளரத்தைத் திறக்கவே அஞ்சுவார். டீசல் இயந்திரத்தில் மிகுதியான காற்று மிகுந்த வெப்பத்தில் நெருங்குவதால், காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் கூடி நைதரசன் ஒட்சைட்டுக்கள் உண்டாகின்றன. சிக்கனத்தைத் தரும் அதே வெப்பமும் அதே காற்றுமே இந்நஞ்சையும் தருகின்றன. எமது வண்டியிற் கரித்துகளைப் பிடிக்கும் வடி உண்டு. இவ்வாயுக்களை அடக்கப் போதிய ஏற்பாடு இல்லை. 2015 செப்ரெம்பரில் வொல்க்ஸ்வாகன் நிறுவனத்தின் சோதனை மோசடி அம்பலமாகி, உலகெங்கும் ஒரு கோடியே பத்து இலட்சம் கார்கள் அதிற் சம்பந்தப்பட்டதாகத் தெரியவந்தபோது, அச்செய்தித் தாளை எம்மிடம் நீட்டிய தோழர் கூறினார்:

"மச்சான், உன்ரை கார் நல்ல கார்தான். நீ மேலை ஏறிப் போறாய். அதின்ரை மூச்சு கீழை என்னட்டை வருது."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரிப்பின் நடுவே இருமலும் வந்தது.

2018 பெப்ரவரி 27 இல், நகரங்கள் டீசல் வண்டிகளைத் தடுக்கலாம் என்று இலைப்சிக் நகரிலுள்ள நிருவாக உயர்மன்றம் தீர்த்தது. 2019 சனவரி முதலாந் தேதி தொடக்கம், நான்காம் ஐரோப்பியத் தரத்திலும் அதற்குக் கீழும் உள்ள டீசல் வண்டிகள் ஸ்ருட்காட் நகருள் வருவது தடையாயிற்று. நகர்வாசிகளுக்கு ஏப்பிரல் வரை தவணை. எமது கார் நான்காந் தரத்தது. அயலவர் பலர் கொதித்தெழுந்தனர், ஊர்வலங்களும் நடந்தன. எம்மையும் அழைத்தனர், நாம் செல்லவில்லை. மூன்றாம் மாடிச் சாளரம் ஒன்றை அறிந்தவர் அவ்வூர்வலத்தில் எங்ஙனம் நடப்பது?

வண்டியை விற்றுவிடுவோமா என்று ஓரிரவு எம் மனைவியாருடன் ஆராய்ந்தோம். "விற்றால் அது இன்னொருவரின் வாசலில் நின்று புகைக்கும், அவ்வளவுதானே?" என்றார் அவர். இருந்தும், விற்பனையை முதலில் எதிர்த்தவர் தோழரே. முப்பது ஆண்டு நிறைந்த வரலாற்று வண்டிகளுக்கு இத்தகைய தடைகளினின்று விலக்கு உண்டென எங்கோ வாசித்துவிட்டு, 2037 வரை நாமும் காரும் உயிரோடிருக்க வேண்டுமெனக் கட்டளையிட்டார்.

இப்போது அவரைக் காணச் செல்லும்போது புகையிரதத்திற் செல்கின்றோம். புகையே விடாத மின்வண்டியை இன்னும் புகையிரதம் என்றே அழைக்கின்றோம். பழக்கம் எளிதிற் போவதில்லை. சில வேளைகளில் வைன்ஸ்ரைக வீதியை விடுத்து, 1884 முதல் ஓடும் பற்சக்கர வண்டியில் இருவருமாக டேகர்லொக் வரை ஏறுவோம். அதுவும் கியர் மாற்றாமலே ஏறுகின்றது.

கோடை ஞாயிறுகளில் அவர் எமது நிலையத்துக்கு வந்து இறங்குவார். காரில் ஏறுமுன்னரே கூரையைத் திறக்கச் சொல்லுவார். இருபது செக்கனில் அது மடிந்து முடியும்வரை நடைபாதையில் நின்று சிறுவனைப் போற் பார்த்திருப்பார். பின்னர் தெற்கே சுவாபிய அல்ப் மேட்டுக்குச் செல்வோம். ஆடுகள் மேயும் புல்வெளிகளினூடே வீதி செல்லும் இடத்தை அடைந்ததும், "மெள்ளப் போ மச்சான், இஞ்சை காத்து நல்லாயிருக்கு" என்பார். ஆறாம் கியரிலிருந்து நாலாம் கியருக்கு இறங்குவோம். அவர் தலையைப் பின்னே சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு மணி நேரம் இருமாமல் இருந்ததாகத் திரும்பும் வழியில் தாமே கணக்குச் சொல்லுவார்.