இடியின் மேல் ஒரு பழி

மலேசியாவின் தைப்பிங்கில் கணினி எது கெட்டாலும் பழி இடிக்குத்தான். ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊர். இன்று எத்தனை மணிக்கு வரும் என்று அந்தக் காலத்தில் பந்தயமே கட்டுவார்களாம். சொல்ல வெட்கம்தான், பழுது பார்க்கும் நானும் இந்தப் பழியில் நன்றாகவே குளிர்காய்ந்திருக்கிறேன். "மின்னல்தாண்ணே" என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

மளிகைக் கடை ஒன்றில் பழைய லினக்ஸ் பெட்டி. "பில் அடிக்குது தம்பி, சேவ் ஆகமாட்டேங்குது" என்றார் கடைக்காரர். எதை எழுதப் போனாலும் 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்ற பதில்தான். ரீமவுண்ட் செய்து எழுத வைக்க ஒரே வரிக் கட்டளை உண்டு, கை அரித்தது. ஆனால் ஜர்னல் முறிந்திருந்தால் கர்னலே அதை மறுத்துவிடும். ஏற்றுக்கொண்டாலோ, கெட்டுக்கொண்டிருக்கும் கணக்கின் மேல் இன்னும் எழுதுவோம்.

பூட்டியது லினக்ஸ்தான், அதுவும் வேண்டுமென்றே. டெபியன் நிறுவும்போதே எஃப்எஸ்டேப் கோப்பில் 'எரர்ஸ்=ரீமவுண்ட்-ஆர்ஓ' என்று எழுதி வைக்கிறது: பிழை கண்டால் எழுதுவதை நிறுத்து, படிப்பதை விடு. அந்தப் புண்ணியத்தில் முதல் வேலையாகக் கணக்குக் கோப்புகளை யுஎஸ்பி வட்டுக்கு நகலெடுத்தேன்.

பிறகு டிமெசேஜ், அதாவது கர்னலின் பதிவு. எல்லாரும் கடைசி வரியைப் படிப்பார்கள். அது பூட்டிய செய்தி மட்டும்தான். காரணம் மேலே இருக்கும். மேலே போனால் ஈஎக்ஸ்டி4 பிழை, அதற்கும் மேலே ஏடிஏ1 தடத்தில் சிஆர்சி பிழைகள் வரிசையாக. ஸ்மார்ட்சிடிஎல் போட்டேன். வட்டு தன்னைப் பற்றி வைத்திருக்கும் பட்டியலில் 5ஆம் வரி, 197ஆம் வரி இரண்டும் சுழியம், அதாவது வட்டின் பரப்பில் காயமில்லை. 199 மட்டும் எகிறியிருந்தது. அது வட்டுக்கும் போர்டுக்கும் நடுவே வழியில் சிதைந்த தரவின் கணக்கு. மூடியைக் கழற்றினால், சாட்டா கேபிள் மூடியின் அழுத்தத்தில் மடிந்து, செருகி பாதி கழன்று நின்றது.

சில வெள்ளிக்குப் புதுக் கேபிள். யுஎஸ்பியிலிருந்து பூட் செய்து, அந்தப் பகிர்வை மவுண்ட் செய்யாமலே இ2எஃப்எஸ்சிகே ஓட்டினேன். மவுண்ட் ஆன பகிர்வில் ஓட்டினால் மிச்சமும் போகும்.

199 ஒருபோதும் இறங்காது. ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அன்றைய எண்ணை மார்க்கரால் மூடியின் உள்பக்கம் எழுதி வைத்தேன். அடுத்த மாதம் போனபோதும் அதே எண். கடைக்காரர் மட்டும் இன்னும் மின்னல்தான் என்கிறார்.