சொல் இல்லாத நோயாளி

மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்தார் வள்ளுவர்: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைபுரிபவன். இவற்றுள் முதலில் நிற்பவன் நோயுற்றவன். தன் வலியைத் தானே எடுத்துரைக்க வல்லவன். அவனுக்குச் சொல்லே இல்லையெனில் மருத்துவம் எங்ஙனம் நடைபெறும்? கால்நடை மருத்துவர் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினா இது.

சிங்கப்பூரின் வடபால் அமைந்த கிராஞ்சியில் இவ்வினா கால் நூற்றாண்டுக் காலம் எழுந்தவண்ணம் இருந்தது. லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலை அதன் தொடக்கத்தைத் தன் பெயரில் சுமந்து நிற்கிறது. இன்று ஃபேரர் பார்க் எனப்படும் அவ்வட்டாரத்தில் 1843இல் முதற் குதிரைப் பந்தயம் நடந்தது. பந்தயத் திடல் 1933இல் புக்கிட் தீமாவுக்கும், 1999இல் கிராஞ்சிக்கும் பெயர்ந்தது. 2024 அக்டோபர் 5ஆம் நாள் இறுதிப் பந்தயம் நிகழ்ந்தது. பந்தயத்தைப் போற்றுவோரும் உண்டு, பழிப்போரும் உண்டு. ஆயினும் கிராஞ்சியில் குதிரைகளுக்கென ஒரு மருத்துவமனை இயங்கியதை எண்ணிப் பார்த்தோர் சிலரே.

குதிரையின் அவசர நோய்களுள் கொடியது வயிற்றுச் சூலை. திருநாவுக்கரசர் தம் சூலையின் கொடுமையைப் பாடி முறையிட்டார்; குதிரைக்கு அவ்வாய்ப்பு இல்லை. வாந்தி எடுக்கவும் அதனால் இயலாது. குடலில் அடைப்போ முறுக்கோ நேர்ந்தால் நீரும் வாயுவும் தேங்கி இரைப்பையே கிழிந்துவிடக்கூடும். அது முன்காலால் தரையைப் பறிக்கும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், மேலுதட்டைச் சுருட்டும், படுத்துப் புரளும். இவையே அதன் மொழி.

மருத்துவர் அம்மொழியைப் பயின்றவர். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறை துடிக்கும் இதயம் 60ஐத் தாண்டினால் ஆபத்தின் அறிகுறி என அவர் அறிவார். ஈற்றின் நிறத்தை நோக்குவார். மூக்கின் வழியே குழாய் செலுத்தித் தேங்கியதை வெளியேற்றுவார். அறுவை வேண்டுமெனில் அரை டன் எடையுள்ள உடலைப் பாரந்தூக்கியால் தூக்கி மேசையில் கிடத்த வேண்டும். மயக்கம் தெளியும் நேரமும் இடர் மிக்கதே. அஞ்சினால் ஓடுவது குதிரையின் இயல்பாதலின், தள்ளாடி எழ முயன்று காலை முறித்துக்கொள்ளும். அதனாலேயே சுவரெங்கும் மெத்தை பொருத்திய அறையில் அதனைக் கிடத்துவர்.

ஆனால் மருத்துவர் வருமுன்பே நோயைக் கண்டவர் ஒருவர் உண்டு. வைகறையில் தீவனம் தொடப்படாமல் கிடப்பதைக் கண்டு முதலில் கவலையுறுபவர் லாயப் பணியாளர். வள்ளுவர் இறுதியில் வைத்த துணைவனே இங்கு நோயாளியின் நாவாகிறான்.

இக்கலை நூலால் மட்டும் வருவதன்று. நோயுற்ற விலங்கின் அருகே, தேர்ந்த ஒருவரின் கண்காணிப்பில் கைக்கு வருவது. பிரான்சின் லியோன் நகரில் 1761இல் அரச இசைவு பெற்று முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை நிறுவிய பூர்ஜலா, குதிரையேற்றப் பள்ளியின் தலைவராக இருந்தவர். 1903இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, வேப்பேரியில் உள்ள தன் மருத்துவமனையிலேயே மாணவரைப் பயிற்றுகிறது. சிங்கப்பூரில் அத்தகைய கல்லூரி இல்லை. அந்நாட்டு மாணவர் வெளிநாடுகளுக்குச் சென்று கற்றுத் திரும்புகின்றனர்.

பயிற்று மருத்துவமனையின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே காட்டுவது பார்பரோ என்னும் அமெரிக்கக் குதிரையின் வரலாறு. 2006 மே 20இல் பந்தயத்தின்போது அதன் வலப் பின்னங்கால் நொறுங்கியது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் பயிற்று மருத்துவமனை அக்காலைப் பொருத்தி எட்டுத் திங்கள் போராடியது. குதிரையால் மூன்று கால்களில் நெடுங்காலம் நிற்க இயலாது. சுமை தாங்கிய மற்றக் கால் குளம்பு அழற்சியால் கெட்டது. 2007 சனவரி 29இல் வலியினின்று அதனை விடுவிக்க முடிவு செய்தனர். போதும் என்று சொல்லும் வாயும் அதற்கு இல்லை. அதனையும் அருகிருந்தோரே உணர்ந்து சொல்ல வேண்டியிருந்தது. கால்நடை மருத்துவத்தில் இதனினும் கடினமான கடமை வேறில்லை.

கிராஞ்சியில் பந்தயக் காலம் முடிந்தது. அந்நிலத்தில் குடியிருப்புகள் எழவிருக்கின்றன. கட்டடம் இடிந்தால் மீண்டும் கட்டலாம். நோயைக் காணும் கண் பயிற்சியின்றி மங்குமாயின் மீட்பது அரிது. சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் 2024 செப்டம்பர் முதல் பூனை வளர்க்கவும் இசைவு உண்டு. அவ்வீடுகளிலும் ஏதேனும் ஓர் இரவில், உணவை மறுத்து மூலையில் ஒடுங்கும் ஓர் உயிர் இருக்கும். அதன் மௌனத்தைப் படிக்க வல்லவர் அருகில் இருத்தல் வேண்டும்.