கங்கைக்கரையில் ஒரு நிதானமான நாள்

தல யாத்திரை என்றாலே இப்போது கையில் ஒரு பட்டியல் வந்துவிடுகிறது. காலையில் நான்கு கோயில்கள், மாலையில் மூன்று. நடுவே பேருந்தில் உறக்கம். ஊர் திரும்பிய பின், எந்தச் சந்நிதியில் என்ன அலங்காரம் கண்டோம் என்பதும் நினைவில் நிற்பதில்லை. வயது முதிர்ந்த அன்பர்களுக்கு இந்த ஓட்டம் உடலுக்கும் ஆகாது, மனத்துக்கும் ஆகாது.

கயையில் பித்ரு காரியங்களை நிறைவு செய்துகொண்டு நானும் என் துணைவியாரும் கொல்கத்தா வந்து சேர்ந்தோம். சென்னை ரயிலுக்கு ஒரு முழு நாள் இருந்தது. வழிகாட்டியோ வாடகைக் காரோ அமர்த்தவில்லை. அவருக்கு முழங்கால் வலி. முடிந்த மட்டும் நடப்பது, முடியாத இடத்தில் அமர்ந்துவிடுவது என்று மட்டும் எண்ணிக்கொண்டு புறப்பட்டோம்.

முதலில் காளிகாட். சதிதேவியின் வலது பாதத்து விரல்கள் விழுந்த சக்தி பீடம் என்பது ஐதீகம். இப்போதுள்ள ஆலயம் 1809இல் எழுந்தது. அன்று கூட்டம் அலைமோதிற்று. நெரிசலில் புகாமல் வெளியிலிருந்தே கைகூப்பி அன்னையை வணங்கினோம். அங்கிருந்து மெட்ரோ ரயில். பாரதத்தின் முதல் மெட்ரோ 1984இல் இந்நகரில்தான் ஓடத் தொடங்கியது. 2021 முதல் அது தட்சிணேசுவரம் வரை செல்கிறது. வண்டி மாற வேண்டியதில்லை. நிலையத்திலிருந்து ஆலயத்தை நோக்கிச் செல்லும் மேம்பால நடைபாதை முதியோருக்குப் பேருதவி.

தட்சிணேசுவரம் எழுந்த வரலாறே ஒரு தடைப்பட்ட யாத்திரையின் வரலாறுதான். ராணி ராசமணி காசிக்குச் செல்லப் படகுகளையெல்லாம் ஆயத்தம் செய்திருந்தார். புறப்படும் வேளையில் அன்னை கனவில் தோன்றி, கங்கைக்கரையிலேயே தமக்கு ஆலயம் எழுப்புமாறு பணித்ததாகச் சொல்வர். 1847இல் தொடங்கிய திருப்பணி 1855இல் நிறைவுற்றது. ஒன்பது சிகரங்களின் கீழ் பவதாரிணியாக அன்னை காட்சி தருகிறாள். ஆற்றை ஒட்டிப் பன்னிரண்டு சிவாலயங்கள் வரிசையாக நிற்கின்றன. செம்பருத்தி மாலை சாத்தி வழிபட்டு, ஸ்ரீராமகிருஷ்ண பரமஹம்சர் வாழ்ந்த அறையில் சற்று நேரம் அமர்ந்திருந்தோம்.

அதற்கு அருகில் நகபத் எனும் மேளமண்டபம் உள்ளது. அதன் கீழ்த்தளத்திலுள்ள எண்கோண வடிவச் சிற்றறையில்தான் அன்னை சாரதாதேவியார் பல ஆண்டுகள் வாழ்ந்தார். குருதேவருக்கும் அவரை நாடி வந்த அடியவர்களுக்கும் அங்கிருந்தே சமைத்தளித்தார். விடியுமுன் கங்கையில் நீராடித் திரும்பிவிடுவார். அவர் அங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டதுண்டு, கண்டதில்லை என்று ஆலய அலுவலரே கூறினாராம்.

என் துணைவியார் அந்த வாயிலில் நெடுநேரம் நின்றார். “இத்தனூண்டு இடத்தில் எத்தனை பேருக்குச் சமைத்திருக்கிறாள் அம்மா!” என்றார். பிறகு படித்துறையில் அமர்ந்து, திருமணமான புதிதில் நாங்கள் குடியிருந்த திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனத்தையும், என் தாயார் தமக்குச் சமையல் பழக்கியதையும் பேசத் தொடங்கினார். படுக்கையில் இருந்த என் தாயாருக்கு நான்கு ஆண்டுகள் அன்னம் ஊட்டியவர் அவர். கயையில் பிண்டம் இட்டது என் கரம். உயிரோடிருந்தபோது சோறிட்டது அவர் கரம். அந்தக் கரத்தைப் பற்றியபடி கங்கையை நோக்கி அமர்ந்திருந்தேன். அடுத்து எங்கே என்று எங்களை அவசரப்படுத்த யாரும் இல்லை.

பிற்பகலில் பேலூருக்குப் படகேறினோம். கர்நாடகத்துப் பேலூர் அன்று. சுவாமி விவேகானந்தர் நிறுவிய மடம் அமைந்த பேலூர். படகில் ஏறும்போது ஓர் இளைஞர், “மாஷிமா” என்றழைத்து என் துணைவியாருக்குக் கைகொடுத்தார். வங்கத்தில் தாயின் சகோதரியை அழைக்கும் சொல் அது. 1938இல் குடமுழுக்குக் கண்ட பேலூர் ஆலயத்தில் பல சமயங்களின் கட்டடக்கலை ஒன்றிக் கலந்திருக்கிறது. 1902இல் சுவாமிகள் மகாசமாதி அடைந்த அறையையும் தரிசிக்கலாம். அவருடைய சீடரான நிவேதிதையை நம் மகாகவி பாரதியார் 1906இல் இந்நகரில் சந்தித்தார். குருவாக ஏற்று, தம் கவிதை நூலை அவருக்குச் சமர்ப்பித்தார். மாலையில், சுவாமிகள் இயற்றிய ஆரத்திப் பாடலைத் துறவியரும் மக்களும் ஒரே குரலாகப் பாடக் கேட்டோம். மொழி புரியாவிடினும் கண்கள் பனித்தன.

கொல்கத்தா செல்லும் அன்பர்கள் தட்சிணேசுவரத்துக்கும் பேலூருக்கும் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். நண்பகலில் இரண்டு இடங்களிலும் நடை சாத்தியிருக்கும். அவ்வேளையை ஆற்றங்கரையில் கழிக்கலாம். வெயில் தணிந்த மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை. வேறெதையும் பார்க்காமல் திரும்ப நேர்ந்தாலும் வருந்த வேண்டாம். உடன் வருபவரோடு ஒரு நாழிகை படித்துறையில் அமர்ந்து பேசுங்கள். அன்னை பவதாரிணி அனைவருக்கும் அருள்வாளாக!