கல்லில் பதிந்த இலையும் அளவெனும் அமானிதமும்





ஸ்ரீபெரும்புதூர் என்றதும் இன்று தொழிற்சாலைகளே நினைவுக்கு வரும். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரின் சுற்றுவட்டாரப் பாறை அடுக்குகளில், பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட இலைப் பதிவுகள் கிடைத்துள்ளன. சென்னைக் கரையோரத்து இவ்விலைகளை இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் ஓட்டோகர் ஃபைஸ்ட்மான்டல் 1879இல் விவரித்து எழுதினார். அவற்றுள் ஒன்றான டைலோஃபில்லம், ஈச்ச ஓலையைச் சிறிதாக்கியது போன்ற தோற்றமுடையது.

கடப்பாக்கத்தில் நம்மிடம் ஓதும் மாணவர் ஒருவர் பதினொன்றாம் வகுப்பில் தாவரவியல் எடுக்கத் தயங்கினார். "ஹஜ்ரத், கல்லிலுள்ள இலையை அளந்து அக்கால வெயிலைச் சொல்கிறார்களாமே! மறைவானதை அறிவதாகச் சொல்வது ஈமானுக்கு ஆகுமா?" என்று கேட்டார். மறைவானவற்றின் ஞானம் அல்லாஹ்வுக்கே உரியது என்பது நம் அகீதா. ஆனால் ஈர மணலில் கால்தடம் கண்டு ஆள் போனதை அறிவது மறைவான ஞானமன்று; அடையாளத்தைக் கொண்டு அறிவதே. இலையும் ஒரு தடம்தான்.

அத்தடத்தை எவ்வாறு படிக்கின்றனர்? பெய்லி, சின்னாட் என்னும் அமெரிக்கத் தாவரவியலாளர் இருவர் 1915இல் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினர். இருவித்திலை மரங்களில், வெப்ப நாடுகளில் விளிம்பு வழவழப்பான இலைகள் மிகுதி. குளிர் நாடுகளில் பல்விளிம்பு இலைகள் மிகுதி. நம் தெருவிலேயே மா, ஆல், புன்னை ஆகியவற்றின் விளிம்பில் பற்கள் இல்லை. எனினும் இவ்வெயிலில் செழிக்கும் வேம்புக்குப் பற்கள் உண்டு. எனவே ஓர் இலை தீர்ப்பாகாது. பல இனங்களின் விகிதமே சான்றாகும்.

பரப்பு மழையைக் குறித்துப் பேசும். ஈரம் மிகுந்த இடங்களில் பொதுவாக இலைகள் பெரியவை. நீளத்தை அகலத்தால் பெருக்கி, அதில் மூன்றில் இரு பங்கைக் கொள்வது ஓர் எளிய கணக்கு. 18 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் உள்ள மாவிலையின் பரப்பு ஏறத்தாழ 60 சதுர செ.மீ. ஆனால் நீரோட்டத்தில் பெரிய இலைகளே எளிதில் கிழிபடும். சிறியவை தப்பிப் பாறையில் பதியும். இதை மறந்து கணக்கிட்டால், மழை மிகுந்த காடும் வறண்ட காடாகத் தோன்றும்.

இன்னொரு வரம்பும் உண்டு. டைலோஃபில்லம் பூக்கும் மரமன்று. முற்றும் அழிந்துபோன வேறொரு தாவரக் குழுவைச் சேர்ந்தது. ஆகவே விளிம்பு விதி அதற்குப் பொருந்தாது. அதன் சிற்றிலைகளின் நீளம், அகலம், அடிப்பகுதியின் வடிவம் ஆகியவற்றை அளந்து இனம் பிரிக்கலாம். அவ்விதியைக் கொண்டு வெப்பநிலை கூற முடியாது. கூறினால் அது காணாததற்குச் சாட்சி சொல்வதாகும்.

சாட்சியத்தில் நம் மார்க்கம் எவ்வளவு கண்டிப்பானது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அறிந்ததை மறைப்பதும் குற்றம். அறியாததைச் சேர்ப்பதும் குற்றம். அளவுகோல் எடுப்பவருக்கும் அதுவே ஒழுங்கு. அளந்ததை மட்டும் சொல்பவர் மறைவானதில் கை வைக்கவில்லை; தம் அமானிதத்தைக் காக்கிறார். ஆகவே நம் பிள்ளைகள் இக்கல்வியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஓர் இலை உதிர்வதையும் அறிந்த ரப்பு, அவர்களுக்குப் பயனுள்ள கல்வியையும் உண்மையான நாவையும் தந்தருள்வானாக. ஆமீன்.