நீருக்கு அஞ்சாத கடிகாரம்

ஈப்போ நகரின் பிர்ச் நினைவு மணிக்கூண்டு 1909ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது. நகரத்தார் அதைப் பார்த்து நேரம் அறிந்தனர். தொலைவில் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழருக்கோ, காலம் என்பது விடியுமுன் கூடும் பெரட்டு. அதற்குப் பிந்தியவர் அன்றைய கூலியை இழக்கவும் நேரும். நேரம் அவர்களை ஆண்டது. அவர்கள் நேரத்தை ஆண்டதில்லை.

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய தொழிலாளி ஒருவரின் மகன், 1970களில் ஆசிரியரானார். முதல் மாதச் சம்பளத்தில் தந்தைக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கினார். மெல்லியது, பொன்முலாம் பூசியது, கண்ணைப் பறிப்பது. தந்தை அதை அணிந்தே வேலைக்குச் சென்றார். வியர்வையும் மழையும் சில மாதங்களில் தம் வேலையைச் செய்தன. கண்ணாடிக்குள் நீர் கோத்தது, முள் நின்றது.

தந்தை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. நின்றுபோன கடிகாரத்தைத் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் அணிந்துகொண்டார். எவரேனும் மணி கேட்டால் வானத்தைப் பார்த்துச் சொன்னார். 1982 சனவரி முதல் நாள், தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் எல்லாம் அரைமணி முன்னே நகர்த்தப்பட்டன. அவருடைய கடிகாரம் மட்டும் நகரவில்லை. அழகைப் பார்த்தோமே, அணிபவரின் நாளைப் பார்க்கவில்லையே என்னும் வருத்தம் மகன் நெஞ்சில் தங்கிவிட்டது.

இன்று அத்தோட்டத்தில் செம்பனை நிற்கிறது. ஓய்வுபெற்ற அந்த ஆசிரியரின் பேத்தி கடலியல் பயில்கிறாள். முக்குளிப்புப் பயிற்சிக்குச் செல்லவிருந்த அவளுக்குக் கடிகாரம் வாங்க இருவரும் ஈப்போவிலுள்ள கடையொன்றுக்குச் சென்றனர். அவள் கை முதலில் நாடியது மெல்லிய பொன்னிறக் கடிகாரத்தையே. அதன் பின்புறத்தில் '30 மீட்டர்' என்றிருந்தது.

"அம்மா, இந்த எண்ணை நம்பி 30 மீட்டர் ஆழத்துக்குப் போய்விடாதே. இது மழைத் துளியைத் தாங்கும், கடலைத் தாங்காது" என்றார் அவர். முன்பே இவற்றையெல்லாம் படித்துவைத்திருந்தார். முக்குளிப்போருக்கென்றே சுழல்வளையம் பூண்ட கடிகாரங்கள் 1953ஆம் ஆண்டளவில் தோன்றின. அனைத்துலகத் தர அமைப்பின் 6425ஆம் விதிப்படி, அவை குறைந்தது 100 மீட்டர் ஆழத்துக்கு உரியனவாக இருத்தல் வேண்டும். இருளிலும் 25 சென்டிமீட்டர் தொலைவில் நேரம் தெரிதல் வேண்டும்.

"இந்த வளையம் ஏன் தாத்தா ஒரு பக்கமே சுழல்கிறது?"

"நீரில் இறங்கும்போது இதன் குறியை நிமிட முள்ளுக்கு நேரே வைப்பாய். பிறகு பாறையில் இடித்து வளையம் நகர்ந்தாலும், கழிந்த நேரத்தைக் கூட்டியே காட்டும், குறைத்துக் காட்டாது. ஆகவே நீ முன்னதாக மேலே வருவாய். தவறினாலும் உயிரின் பக்கமே தவறுகிறது, பார்த்தாயா?"

முக்குளிப்புக் கணினி வந்துவிட்ட இக்காலத்திலும், அது பழுதானால் கைகொடுக்க இதுபோன்ற துணை ஒன்று நல்லதே. 200 மீட்டர் எனக் குறித்த, திருகி மூடும் திருகுடைய, கரிய முகமும் அகன்ற முட்களும் கொண்ட ஒன்றை அவர் எடுத்து நீட்டினார்.

"முரட்டுத்தனமாக இருக்கிறதே, தாத்தா!"

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உன் கொள்ளுத்தாத்தாவின் பால்வெட்டும் உளி வீட்டில் இருக்கிறது. அதில் பூவேலை ஒன்றுமில்லை. மரத்தின் உயிர்ப்பகுதியில் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவுவதற்கென்றே அது வளைந்தது. அந்த வளைவு அழகில்லையா?" என்றார்.

பேத்தி கடிகாரத்தை மீண்டும் கையிலெடுத்தாள். இம்முறை நெடுநேரம் பார்த்தாள். பின் கையில் கட்டிக்கொண்டாள்.

அன்றிரவு, நின்றுபோன பழைய கடிகாரத்தை அவர் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து, புதியதன் அருகில் வைத்தார். ஒன்று அன்பால் மட்டும் தேர்ந்தது. மற்றொன்று அன்போடு அறிவும் சேர்ந்து தேர்ந்தது. மறுநாள் காலை, பெரட்டுக்கு அஞ்சி எழுந்த கைகளின் வழித்தோன்றல், காலத்தைத் தன் கையில் கட்டிக்கொண்டு கடலை நோக்கிப் புறப்பட்டாள்.