ரெண்டு சீட்டு ஆசை

நண்பர் ஒருத்தர் விளம்பரம் ஒண்ணு அனுப்பினார்.
2002 மாஸ்டா எம்எக்ஸ்-5. சிவப்பு. கூரையைக் கையாலயே மடக்கலாம்.
தூக்கம் போச்சு.

இங்க இங்கிலாந்துல ஒரு வசதி. நம்பரைத் தட்டினா, வருஷா வருஷம் எம்ஓடி சோதனையில வண்டி பாஸா ஃபெயிலான்னு அரசாங்க இணையதளமே காட்டிடும். இலவச ஜாதகம்!

இந்த மாடல்ல எஞ்சின் கவலையே இல்ல. ஆயிலை ஒழுங்கா மாத்தினா லட்சம் மைல் தாண்டியும் ஓடும்.
வில்லன் துருதான்.
கூரையோரம் மழைத்தண்ணி வடியுற ஓட்டை இலை, குப்பையில அடைச்சுக்கும். தண்ணி கதவுக்குக் கீழ இருக்கிற சில் தகட்டுக்குள்ள தேங்கி உள்ளேர்ந்தே அரிக்கும். வெளிய பெயின்ட் பளபளன்னு சிரிக்கும்! முன்பக்கச் சேஸிஸும் அப்படித்தான். துரு முத்திட்டா வெல்டிங் இல்லாம எம்ஓடி தேறாது.
உடைஞ்ச ஸ்பிரிங், இறுகிப்போன பின் பிரேக் காலிப்பர் எல்லாம் இதுக்கு முன்னாடி சில்லறை.

இவ்வளவும் மனப்பாடம். வீட்டு வாஷிங் மெஷின் ஃபில்டர் எங்க இருக்குன்னு மட்டும் தெரியாது (தகவல் உதவி: மனைவி).

"ரெண்டே சீட்டு. புள்ளைய எங்க உக்கார வைப்பீங்க?"ன்னும் கேட்டாச்சு.
பதில் தேடிட்டிருக்கேன்.

அதுவரைக்கும்... சில் வெல்டிங் பண்ணின வண்டிய நம்பி வாங்கினவங்க யாராச்சும் இருக்கீங்களா? எத்தனை குளிர்காலம் தாங்குச்சு?