குறுக்குமயிரும் அளவுகோலும்

தெல்லிப்பழையில் ஏறிநின்று பார்ப்பதற்கு ஒரு குன்றுதானும் இல்லை. சுண்ணக்கற் பாறையின்மீது செம்மண் படிந்த அச்சமநிலத்திற் கண்ணுக்கு எட்டிய உயரமான பொருள் பனையே. இத்தகைய நிலத்தில் தூரத்தை மதிப்பதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று கூப்பிடு தூரம், மற்றது பனை. கூப்பிட்ட குரலுக்கு மறுகுரல் வந்தாலன்றி முன்னது நிச்சயமாவதில்லை. பின்னதற்கு மறுமுனையில் எவரும் வேண்டியதில்லை. வளர்ந்த பனை இன்ன உயரம் இருக்கும் என்ற முன்னறிவு மட்டும் போதும். கையை நீட்டிப் பெருவிரலைக் கிடையாகப் பிடித்தால் அதன் அகலம் கண்ணில் ஏறத்தாழ 2 பாகைக் கோணத்தை அடைக்கும். 20 மீற்றர் உயரமுள்ள பனையொன்றை அவ்விரல் அடிமுதல் வட்டுவரை மறைக்குமாயின், அப்பனை ஏறக்குறைய 570 மீற்றருக்கு அப்பால் நிற்கின்றது.

பள்ளிக்கூடக் கேத்திரகணிதத்துக்கு மேல் எதுவும் இக்கணக்கில் இல்லை. ஆயினும் நில அளவையாளரின் தொலைநோக்கியும், குறிபார்த்துச் சுடுபவனின் துப்பாக்கித் தொலைநோக்கியும் இதே கணக்கின்மீதே அமைந்துள்ளன. பெருவிரலின் இடத்தை இரண்டிலும் வில்லைகளுக்கிடையே பொருத்தப்பட்ட மெல்லிய இழைகள் பிடித்துக்கொண்டன. இலங்கையின் பௌதிகவியல் நூல்கள் அவற்றைக் குறுக்குமயிர்கள் என வழங்கும். பெயர் பொருத்தமானதே, முற்காலக் கருவிகள் பலவற்றில் உண்மையான சிலந்தியிழைகளே பொருத்தப்பட்டிருந்தன.

இவ்விழைகளின் வரலாறு வானத்திலிருந்து தொடங்குகின்றது. இங்கிலாந்தின் யோக்சயரைச் சேர்ந்த வில்லியம் கஸ்கோயின் என்னும் இளைஞர், 1640 ஆம் ஆண்டையொட்டித் தொலைநோக்கியின் குவியத்தளத்தில் இழையை வைத்தால் அது வானிலுள்ள பொருளோடு ஒருங்கே தெளிவாகத் தெரியும் என்பதைக் கண்டார். தம் தொலைநோக்கிக்குள் சிலந்தி பின்னியிருந்த வலையே அவருக்கு இவ்வெண்ணத்தைத் தந்தது என்று கூறுவர். கோள்களின் விட்டத்தை அளப்பதற்கே அவர் அதனைப் பயன்படுத்தினார். 1644 இல், மாஸ்டன் மூர் போர்க்களத்தில் அவர் மடிந்தார். ஏறத்தாழ நூற்றிருபத்தைந்து ஆண்டுகளின் பின்னர், நீராவிப் பொறியாற் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட், ஸ்கொத்லாந்தின் கால்வாய் அளவைகளில் இழைகள் கொண்ட தொலைநோக்கியால் தூரங்காணும் முறையைக் கையாண்டார். சேற்றிலும் நீரிலும் சங்கிலியை இழுத்துச் செல்லும் வேலை அதனாற் குறைந்தது.

அம்முறை எளியது. மேலிழைக்கும் கீழிழைக்கும் இடையிலுள்ள இடைவெளி, 100 அலகு தூரத்தில் 1 அலகு நீளத்தைக் காட்டும்படி அமைக்கப்படும். மறுமுனையில் ஒருவர் பிரிவுகள் இடப்பட்ட அளவுகோலை நிலைக்குத்தாகப் பிடித்து நிற்பார். இரு இழைகளுக்கிடையே கோலின் 0.85 மீற்றர் அகப்பட்டால் தூரம் 85 மீற்றர். மட்டமானிகளில் இவ்விரு இழைகளையும் இன்றுங் காணலாம்.

துப்பாக்கித் தொலைநோக்கியில் இழைகளின்மீது சிறு புள்ளிகளோ கீறல்களோ இருக்கும். ஒரு குறிக்கும் அடுத்த குறிக்கும் இடைப்பட்ட கோணம் வழக்கமாக ஆரையனின் ஆயிரத்திலொரு பங்கு. அதாவது, 1000 மீற்றரில் 1 மீற்றர் உயரமுள்ள பொருள் ஒரு பிரிவை நிரப்பும். பொருளின் உயரத்தை ஆயிரத்தாற் பெருக்கி, அது நிரப்பும் பிரிவுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் தூரம் கிடைத்துவிடும். 1.7 மீற்றர் உயரமுள்ளது 4 பிரிவுகளை நிரப்பின் 425 மீற்றர். எறிந்த கல்லைப் போலவே குண்டும் செல்லச்செல்லத் தாழ்வதால், தூரமறியாதவன் குறியை எவ்வளவு உயர்த்துவது என்பதையும் அறியான். உருப்பெருக்கத்தை மாற்றக்கூடிய சில கருவிகளில் இக்குறிகள் ஒரேயொரு பெருக்கத்தில் மாத்திரமே மெய் கூறும் என்பது வேறு கதை.

1.7 மீற்றர் என்ற அந்த எண் எடுத்துக்காட்டுக்காகத் தெரிந்தெடுக்கப்பட்டதன்று. 1963 இல் சோவியத் படை ஏற்றுக்கொண்ட திறகுனோவ் துப்பாக்கியின் தொலைநோக்கியில், இடப்புறக் கீழ் மூலையில் ஒரு வளைகோடு உண்டு. அடியிலுள்ள கிடைக்கோட்டில் ஒருவனின் பாதத்தை நிறுத்தி, அவன் தலை வளைகோட்டைத் தொடும் இடத்தைப் பார்த்தால், 200 மீற்றர் முதல் 1000 மீற்றர் வரையான தூரத்தை அங்குள்ள இலக்கங்களே சொல்லிவிடும். கணக்குப் போடவும் வேண்டியதில்லை. அவ்வளைகோடு வரையப்பட்டதே மனிதனின் உயரம் 1.7 மீற்றர் என்ற எடுகோளின்மீதுதான்.

அளவையாளரின் கண்ணுக்கும் சுடுபவனின் கண்ணுக்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்திலேதான் கிடக்கின்றது. இழை ஒன்றே, கணிதமும் ஒன்றே. முன்னதில், மறுமுனையில் நிற்பவர் அளவுகோலைப் பிடித்திருக்கிறார். தாம் அளவையில் பங்குகொள்வதை அவர் அறிவார். கோல் சாய்ந்தால் கையசைத்து நிமிர்த்துமாறு பணிக்கப்படுவார். பின்னதில், மறுமுனையில் நிற்பவரே கோல். அவர் அதனை அறியார். அவர் யார் என்ற வினாவும் அங்கு எழுவதில்லை. உயரம் முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. 200 மீற்றருக்கு அப்பால் நிற்கும் 1.2 மீற்றர் உயரச் சிறுவன், அக்கருவியின் கணக்கில் 283 மீற்றருக்கு அப்பால் நிற்கும் வளர்ந்த மனிதன். 300 மீற்றரில், நிலத்திலிருந்து ஒரு மீற்றர் உயரமே தெரியும்படி முழங்காலில் அமர்ந்து களை பிடுங்குபவர், 510 மீற்றரில் நிமிர்ந்து நிற்பவர். பயிற்சி பெற்றவன் இவற்றை வேறுபடுத்திக் காண்பான் எனச் சொல்லப்படலாம். காணலாம்; ஆனால் அதனைக் காண்பது அவன் மனமேயன்றி இழையன்று.

தெல்லிப்பழை இவ்விரு கண்களையும் அறிந்த ஊர். 1990 இல் வலிகாமம் வடக்கின் மக்கள் இடம்பெயர்ந்தனர். பிரதேசத்தின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. கூப்பிடு தூரத்தில் இருந்த வீட்டை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதே பலருக்கு இயன்றது. 2013 இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் வெளியாயிற்று. 16 பரப்பு ஓர் ஏக்கர் என்ற யாழ்ப்பாணக் கணக்கின்படி, அது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பரப்பு. உறுதிகளிற் பரப்பும் குழியுமாக எழுதப்பட்ட நிலம் அவ்வறிவித்தலில் ஒரே எண்ணாயிற்று. 2015 சனவரியில் காங்கேசன்துறைவரை புகையிரதம் மீண்டும் ஓடியபோது, தத்தம் காணிகளைக் கடந்தும் அங்கு இறங்கிச் செல்ல முடியாதவர்கள் அதிற் பயணம் செய்தனர். அவ்வாண்டு முதல் நிலங்கள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன.

திரும்பியோர் கையில் உறுதி இருந்தது. 'கிழக்கு ஒழுங்கை, வடக்கு வேலி' என்ற வகையில் உறுதி எல்லை சொல்லும். ஒழுங்கை பற்றையாகியிருந்தது, கிளுவைக் கதியாலும் பூவரசும் நின்ற வேலி இருந்த இடந்தெரியவில்லை. எல்லைக்கல் அகப்படாதவிடத்து, கிணறே பல காணிகளுக்குச் சாட்சியாயிற்று. கட்டு இடிந்திருந்தாலும் கிணறு இடம் மாறாது. அதிலிருந்து இத்தனை முழம் என்று நினைவுகூர முதியவர் ஒருவர் வேண்டியிருந்தார்.

1800 இல் தொடங்கப்பட்ட நில அளவைத் திணைக்களத்தின் நாட்டில், சங்கிலி எப்போதோ ஓய்ந்துவிட்டது. இன்றைய கருவி ஒளியை அனுப்பி, மறுமுனையிலுள்ள அரியத்திற் பட்டு மீள்வதைக் கொண்டு தூரம் கணிக்கின்றது. ஆயினும் அரியத்தைத் தாங்கும் தடியை ஒருவர் பிடித்துத்தான் ஆகவேண்டும். அளவையாளரின் உதவியாள் பற்றை வெட்டப் போயிருக்கும் வேளைகளில், காணிக்குரியவரே அதனைப் பிடிப்பதுண்டு. கிணற்றடியில் அவர் நிற்கிறார். கருவியின் வில்லை அவரை நோக்கித் திரும்புகின்றது. எதிரிலிருந்து கையசைப்பு வருகின்றது; தடியைச் சற்று இடப்பக்கம் சாய்க்கும்படி. அவர் சாய்க்கிறார். இன்னுஞ் சற்று. குமிழி நடுவில் நிற்கின்றதா என்று குனிந்து பார்த்துவிட்டு, 'சரியோ?' என்று உரத்துக் கேட்கிறார்.